மோசஸ் ஃபின்லி: கிரேக்க வரலாற்றில் ஒருவரைப் படிப்பதென்றால் யாரைப் படிப்பது?

பழைய கிரேக்க வரலாற்றை ஆராய்ந்தவர்களில் ஒரே ஒருவரை எடுத்து, அவர் வாழ்க்கையையும் வேலையையும் சேர்த்துப் படிப்பதென்றால் யாரைச் சொல்வீர்கள் என்பது கேள்வி. யோசிக்காமல் சொல்வேன்: மோசஸ் ஃபின்லி. கிரேக்க மொழியில் இவரைவிட ஆழம் கண்டவர்கள் உண்டு. கல்வெட்டு, நாணயம், மட்பாண்டம் என்று தனித்தனித் துறைகளில் இவரைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். ஆனால் கேட்கிற கேள்வியையே மாற்றியவர் என்று பார்த்தால் இவர்தான் முதலில் நிற்கிறார். அப்புறம், இவருடைய வாழ்க்கையும் வழக்கமான பேராசிரியர் கதை கிடையாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், அதில் பாதிக்கு மேல் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கும் பிரிவில். ஃபின்லியின் முதல் புத்தகம் ஏதென்ஸ்காரர்கள் நிலத்தின்மேல் வாங்கிய கடனைப் பற்றியது என்று தெரிந்த நாளில்தான் அவரைக் கையில் எடுத்தேன். ஆகவே இந்தப் பதிலில் கடன் விஷயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1912 மே 20 அன்று நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் ஃபிங்கல்ஸ்டைன். 15 வயதில், 1927ல், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை, அதுவும் வரலாற்றில் இல்லை, பொதுச் சட்டத்தில். சின்ன வயதிலிருந்தே கிரேக்கமும் லத்தீனும் ஊட்டி வளர்க்கப்பட்டு, பழைய கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு இந்தத் துறைக்குள் வந்தவர்கள்தான் அந்தக் காலத்தில் பெரும்பாலோர். இவர் பக்கவாசல் வழியாக வந்தவர். சட்டம், பிறகு சமூக அறிவியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் உதவியாளர் வேலை, அதற்கப்புறம்தான் பழைய வரலாறு. கொலம்பியாவில் அவருக்கு வழிகாட்டியவர் வில்லியம் வெஸ்டர்மன், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஆவணங்களிலும் பழங்கால அடிமைமுறையிலும் ஊறியவர்.

1930களில் இன்னொரு முக்கியமான தொடர்பு ஏற்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வெளியேறிய சமூக ஆய்வு நிறுவனம் 1934ல் கொலம்பியாவுக்கு அருகே வந்து குடியேறியது. மாக்ஸ் ஹோர்க்ஹைமர் தலைமையிலான அந்தக் குழுவுக்கு இளைஞர் ஃபிங்கல்ஸ்டைன் மொழிபெயர்ப்பும் புத்தக மதிப்புரையும் எழுதிக் கொடுத்தார். மார்க்ஸ், ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர், சமூகவியல் எல்லாம் அவருக்கு அன்றாடப் பேச்சாக ஆனது அங்கேதான். கிரேக்க வரலாற்றுக்காரர்களில் வெபரை அப்போது அக்கறையாகப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1935ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை மூன்று கிரேக்கச் சொற்களைப் பற்றியது: எம்பொரோஸ், நௌக்லேரோஸ், கப்பேலோஸ். மூன்றும் வியாபாரியைக் குறிப்பவை. அகராதிக்காரர்கள் அழகாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: முதலாமவர் கடல் கடந்து சரக்குக் கொண்டுபோகிறவர், இரண்டாமவர் கப்பலுக்குச் சொந்தக்காரர், மூன்றாமவர் உள்ளூர்ச் சில்லறைக் கடைக்காரர். அந்தக் காலத்து ஆட்கள் உண்மையில் இந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்து, அந்தப் பிரிவினை அவ்வளவு கறாராக இல்லை என்று காட்டினார் அவர். 23 வயதுப் பையன் எழுதியது. பிறகு அவர் ஐம்பது வருடம் செய்த வேலையின் சாயல் இதிலேயே தெரிகிறது: நம் வசதிக்காக நாம் போட்ட பெட்டியைப் பழைய ஆட்களின் தலையில் கவிழ்க்காதே.

அந்த வருடங்களில் அவர் படிப்போடு நின்றவர் இல்லை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் தலைமையில், நாஜிகளின் இனவாதப் போலி அறிவியலுக்கு எதிராகவும் சிந்தனைச் சுதந்திரத்துக்காகவும் இயங்கிய குழுவில் செயலாளராக ஓடியாடி வேலை செய்தார். நியூயார்க் சிட்டி காலேஜில் பாடம் நடத்தினார். போர்க்காலத்தில் நிவாரண அமைப்புகளில் இருந்தார். இதெல்லாம் பின்னால் அவர் தலையில் விடியப்போகிறது. 1940களின் நடுவில் ஃபிங்கல்ஸ்டைன் ஃபின்லி ஆனார். யூதப் பெயரோடு கல்லூரி வேலை தேடுவது அமெரிக்காவில் அப்போது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

1948ல் நூவர்க் நகரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. 1950ல் கொலம்பியாவில் முனைவர் பட்டம். அந்த ஆய்வுதான் புத்தகமாகி, 1952ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நான் சொன்ன கடன் புத்தகம் இதுதான்.

அட்டிகாவில், அதாவது ஏதென்ஸையும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களையும் கொண்ட பகுதியில், வயல்களிலும் வீடுகளிலும் நடப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத்தில் ஹோரோஸ் என்று பெயர், எல்லைக்கல் என்று பொருள். ஆனால் இவற்றில் சுமார் இருநூறு கற்கள் எல்லையைச் சொல்வதில்லை. 'இந்த நிலம் இன்னாருக்கு இத்தனை திராக்மாவுக்கு ஈடு' என்று சொல்கின்றன (திராக்மா அவர்களுடைய வெள்ளி நாணயம்). பெரும்பாலும் கி.மு. 4ஆம், 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கடன் கொடுக்கிறவன் முதலில் கேட்பது என்ன? 'இந்த நிலத்தின்மேல் ஏற்கெனவே யாருக்காவது பாக்கி இருக்கிறதா?' அதற்குத்தான் நாம் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஏதென்ஸில் நிலத்துக்குப் பதிவேடு வைக்கும் அலுவலகமே கிடையாது. பட்டாவும் கிடையாது, வில்லங்கச் சான்றும் கிடையாது. ஆகவே வில்லங்கத்தைக் கல்லில் வெட்டி நிலத்திலேயே நட்டுவிட்டார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் தெரியட்டும். கடன் அடைந்ததும் கல்லைப் பிடுங்கிவிடலாம், அல்லது எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அதே கல்லை வேறு கடனுக்குப் பயன்படுத்தலாம்.

முதன்முதலில் இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை கோப்புகளில் இந்த ஒரே விஷயத்துக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

அந்தக் கற்களில் மிகுதியானவை ஒருவகைக் கிரயத்தைப் பற்றியவை. பிராசிஸ் எபி லூசெய் என்பார்கள். கடன் வாங்குகிறவன் நிலத்தை விற்றதாக எழுதிக் கொடுப்பான், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பெயருக்குக் கிரயம், உள்ளே அடமானம். இன்னொரு வகை சீதனம் சம்பந்தப்பட்டது. மனைவி கொண்டுவந்த சீதனத்துக்குக் கணவன் தன் நிலத்தை ஈடாகக் காட்டுவான். பெண் திரும்பி வர நேர்ந்தால் பணமும் திரும்ப வேண்டுமே. தகப்பன் இல்லாத பிள்ளைகளின் சொத்தைக் குத்தகைக்கு எடுத்தவனும் இதேபோல ஈடு காட்ட வேண்டும்.

இந்தக் கற்களைப் பற்றி அதுவரை இருந்த எண்ணம் என்னவென்றால், கடனில் மூழ்கிய ஏழை விவசாயியின் கண்ணீர்க் கதை இது என்பது. அதற்குக் காரணம் சோலோன். கி.மு. 594 வாக்கில் ஏதென்ஸில் சீர்திருத்தம் செய்த சோலோன், கறுத்த மண்ணில் நட்டிருந்த ஹோரோஸ் கற்களைப் பிடுங்கி நிலத்தை விடுவித்தேன் என்று தன் கவிதையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதையும், இருநூறு முந்நூறு வருடம் பிந்திய இந்தக் கற்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். ஃபின்லி கற்களில் இருந்த தொகைகளைப் பார்த்தார். நூறுகள், ஆயிரங்கள். ஒரு தேர்ந்த கைவினைஞனுக்குக் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாள்கூலி ஒரு திராக்மா. ஆயிரம் திராக்மா கடன் யாருக்குக் கிடைக்கும்? நிலபுலன் உள்ளவனுக்குத்தான். சீதனம் கொடுக்க, சாவு செலவுக்கு, ஊர் விழாவையோ போர்க்கப்பலையோ தன் செலவில் நடத்தும் கட்டாயப் பொறுப்பை நிறைவேற்ற, இப்படி வசதியுள்ளவர்கள் வசதியுள்ளவர்களிடம் வாங்கிய கடன்தான் பெரும்பாலும். உழவு மாடு வாங்கி, கிணறு வெட்டி, விளைச்சலைப் பெருக்க வாங்கிய கடன் என்பதற்கு அடையாளமே குறைவு. கடன் கொடுத்தவர்களில் தொழில்முறை வங்கியாளர்களும் அரிது. தனியாட்கள், ஊர்ச் சபைகள், நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டுக் கொடுத்த கூட்டுகள்தான் அதிகம்.

சரி, இந்த முடிவு இன்றும் நிற்கிறதா? பாதி. பால் மில்லட் 1991ல் ஏறக்குறைய இதே வழியில் ஏதென்ஸ் கடன்களைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே எட்வர்ட் கோஹன், ஏதென்ஸில் வங்கித் தொழில் நன்றாகவே நடந்தது, கப்பல் வியாபாரத்துக்குப் பணம் பாய்ந்தது என்று நேர் எதிராக எழுதினார். என் தொழில் புத்தி கோஹன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. வங்கிக்காரன் தன் வரவுசெலவைக் கல்லில் வெட்டி வைக்க மாட்டான், ஆகவே கல்லில் அவன் இல்லை என்பதால் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது 1952க்குப் போவோம். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்த நேரம். முந்தைய வருடமே செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக் குழு முன்னால் இரண்டு பேர் ஃபின்லியின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் கார்ல் விட்ஃபோகல், சீன வரலாற்று அறிஞர், ஒருகாலத்தில் தானே கம்யூனிஸ்டாக இருந்து மாறியவர், ஃபிராங்ஃபர்ட் குழு வழியாக ஃபின்லிக்குத் தெரிந்தவர். இன்னொருவர் வில்லியம் கேனிங், சிட்டி காலேஜில் உடன் வேலை பார்த்தவர். 1952 மார்ச் 28 அன்று ஃபின்லியைக் கூப்பிட்டார்கள். இப்போது கட்சி உறுப்பினரா என்றதற்கு இல்லை என்றார். எப்போதாவது இருந்தீர்களா என்றதற்குப் பதில் சொல்ல மறுத்து, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டினார்.

பல்கலைக்கழகம் விசாரித்தது. ஆசிரியர்களைக் கொண்ட குழு, மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்றே சொன்னது. அறங்காவலர்கள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தாவது திருத்தத்துக்குள் ஒளிந்துகொள்வதே வேலையைவிட்டு நீக்கப் போதுமான காரணம் என்று டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். ஃபின்லியோடு சைமன் ஹைம்லிக் என்ற கணித ஆசிரியருக்கும் அதே கதி. அவருடைய முதல் புத்தகத்தை அச்சடித்த அதே பல்கலைக்கழகம், அச்சடித்த அதே வருடத்தில் அவரை வெளியே அனுப்பியது. 40 வயது. அமெரிக்காவில் வேறு எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறக்கப் போவதில்லை.

வேலையில்லாத அந்தக் காலத்தில், 1954ல், வெளிவந்ததுதான் 'ஒடிசியஸின் உலகம்'. ஃபின்லியின் பெயர் இன்றும் நிற்பது முதலில் இந்தச் சின்னப் புத்தகத்தால்தான். பொது வாசகர்களுக்காக எழுதியது, அடிக்குறிப்புப் பாரம் கிடையாது.

பழைய கிரேக்கக் கவி ஹோமரின் இலியட், ஒடிசி என்ற காவியங்கள் இரண்டையும் பற்றி அறிஞர்கள் அதுவரை சண்டை போட்டது, டிராய் போர் நடந்ததா, எப்போது, எந்த மண்ணடுக்கில் என்று. ஃபின்லி அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டு வேறு கேள்வி கேட்டார்: போர் நடந்ததோ இல்லையோ, இந்தக் கவிதைகளில் வரும் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்? யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? எதைச் சொன்னால் கோபம் வருகிறது?

ஒடிசியில் ஓர் இடம். டிராய் போர் முடிந்து ஊர் திரும்ப அலையும் ஒடிசியஸ்தான் கதாநாயகன். விளையாட்டில் கலந்துகொள்ளாத அவரைப் பார்த்து ஓர் இளைஞன், 'நீ விளையாட்டு வீரன் மாதிரி இல்லை, சரக்கையும் லாபத்தையும் பார்த்துக்கொண்டு கப்பலில் திரியும் வியாபாரி மாதிரி இருக்கிறாய்' என்கிறான். ஒடிசியஸுக்கு முகம் சுண்டிப்போகிறது. அதே ஒடிசியஸ் ஊர்களைக் கொள்ளையடித்ததைக் கூச்சமில்லாமல் சொல்கிறவர். கொள்ளை கௌரவம், லாபம் கேவலம். இந்த உலகத்தில் பொருள் கைமாறுவது பெரும்பாலும் பரிசாக. விருந்தாளிக்குக் கொடுப்பது, திரும்ப வருவது, வராவிட்டால் உறவு முறிவது. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொடுத்ததை யாரும் கடன் என்று சொல்வதில்லை, ஆனால் யாரும் மறப்பதுமில்லை. இலியட்டில் கிளாக்கஸ், டயோமீடிஸ் என்ற இருவர் போர்க்களத்தில் எதிரெதிராக நின்று, தங்கள் பாட்டன்மார் விருந்து நண்பர்கள் என்று கண்டுகொண்டு கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். ஒன்று தங்கம், நூறு மாடு பெறும். மற்றது வெண்கலம், ஒன்பது மாடு பெறும். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் பரிசைப் பற்றி எழுதியதும், கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்த கார்ல் பொலான்யி சந்தைக்கு முந்தைய பொருளாதாரங்களைப் பற்றிப் பேசியதும் ஃபின்லிக்கு இந்த இடங்களைப் பார்க்கக் கண் கொடுத்தன.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. பாதாள உலகில், போரில் மாண்ட மாவீரன் அகில்லீஸின் ஆவி ஒடிசியஸிடம் சொல்கிறது: செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் நிலமில்லாத ஏழை ஒருவனிடம் தேஸ் ஆக இருந்து பிழைப்பது மேல். தேஸ் என்றால் கூலியாள். எவரும் தாண்டிப் போகும் இந்த வரியில் ஃபின்லி நின்றார். மனிதப் பிறவியிலேயே கடைசி நிலை எது என்று யோசிக்கும்போது அகில்லீஸுக்கு ஏன் அடிமை ஞாபகம் வரவில்லை? ஏனென்றால் அடிமைக்குக்கூட ஒரு வீடு உண்டு. ஓய்கோஸ் என்ற அந்தப் பெரிய வீட்டுக்குள், கீழ்ப்படியிலாவது, அவனுக்கு ஓர் இடம் இருந்தது. கூலியாள் எந்த வீட்டையும் சேராதவன், வேலை முடிந்ததும் கூலி கொடுக்காமல் விரட்டினாலும் கேட்க நாதியில்லை. ஒரே ஒரு சொல்லைப் பிடித்து ஒரு சமூகத்தின் அமைப்பையே விரித்துக் காட்டுவது என்றால் இதுதான்.

இந்த உலகம் ஒன்றோடொன்று பொருந்துகிறது, ஆகவே கற்பனை மட்டும் இல்லை, உண்மையில் இருந்த சமூகம், காலம் கி.மு. 10, 9ஆம் நூற்றாண்டுகள் என்பது அவர் வாதம். டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் மைசீனிய காலம் அதற்குப் பல நூறு வருடம் முந்தியது. அதிர்ஷ்டமும் உதவியது. 1952ல்தான் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் மைசீனிய அரண்மனைகளின் லீனியர் பி எழுத்தைப் படித்து, அது கிரேக்க மொழிதான் என்று கண்டுபிடித்திருந்தார். அந்தக் களிமண் பலகைகளில் என்ன இருந்தது? ஆடு இத்தனை, வெண்கலம் இத்தனை, கம்பளி இத்தனை. குமாஸ்தாக்களின் உலகம். ஹோமரில் ஒரு குமாஸ்தாவும் இல்லை, ஒரு பட்டியல் ஓலையும் இல்லை. இரண்டும் ஒரே சமூகமாக இருக்க முடியாது என்று பலர் மெதுவாக ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கும் மறுப்பு வந்தது. அந்தனி ஸ்னாட்கிராஸ் 1974ல், ஹோமரின் சமூகம் பல காலங்களின் கலவை, ஒருபோதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை என்றார். இயன் மோரிஸ் 1986ல், கவிதைகள் அவை பாடப்பட்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டையே காட்டுகின்றன என்றார். காலக்கணக்கில் ஃபின்லி தோற்றுக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தோற்கடிக்கிறவர்களும் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

1955ல் கேம்பிரிட்ஜில் விரிவுரையாளர் ஆனார். 1957ல் ஜீசஸ் காலேஜில் ஃபெலோ, 1962ல் பிரிட்டிஷ் குடியுரிமை, 1970லிருந்து 1979 வரை பழங்கால வரலாற்றுப் பேராசிரியர், 1976லிருந்து 1982 வரை டார்வின் காலேஜின் தலைவர், 1979ல் சர் பட்டம். அமெரிக்கா துரத்திய ஆளுக்கு இங்கிலாந்து மரியாதை செய்தது. இந்த வரிசையை இதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை. பிபிசி வானொலியில் பேசினார், பொதுப் பத்திரிகைகளில் எழுதினார், பள்ளிகளில் பழங்கால வரலாறு சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றப் பாடுபட்டார். அறிஞர்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. எழுத்தில் காரம் அதிகம், எதிராளியை விட்டுவைக்க மாட்டார்.

1959ல் வந்தது அடிமைமுறை பற்றிய கட்டுரை. கிரேக்க நாகரிகம் அடிமை உழைப்பின்மேல் நின்றதா என்பது தலைப்பு. அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள். கிரேக்கத்தை வழிபடுகிறவர்கள் அடிமைகளைப் பற்றிப் பேச்சையே தவிர்ப்பார்கள், பேசினால் 'அவர்களை அன்பாக நடத்தினார்கள்' என்பார்கள். சோவியத் பக்கத்து மார்க்சியர்கள் அடிமைச் சமூகம் என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஃபின்லி இருவரையும் சங்கடப்படுத்தினார். கி.மு. 408 வாக்கில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் எரெக்தியோன் கோயில் கட்டிய கணக்கு கல்வெட்டில் இருக்கிறது. குடிமகனும், அயலூரிலிருந்து குடியேறியவனும், அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலை செய்து ஒரே கூலி பெற்றிருக்கிறார்கள் (அடிமையின் கூலி எஜமானுக்குப் போயிருக்கும்). அதே ஊரில் லாரியோன் வெள்ளிச் சுரங்கத்துக்கு நிக்கியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் (திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு) வீதம் வாடகைக்கு விட்டார் என்று ஏதென்ஸ் எழுத்தாளர் செனோஃபோன் எழுதுகிறார். ஸ்பார்ட்டாவோடு நடந்த போரின்போது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் எதிரிப் பக்கம் ஓடிப்போனார்கள் என்கிறார் அந்தப் போரின் வரலாற்றை எழுதிய தூசிடிடீஸ். அன்பாக நடத்தினால் இருபதாயிரம் பேர் ஏன் ஓடுகிறார்கள்?

அந்தக் கட்டுரையில் அவர் கொண்டுபோய் நிறுத்தும் இடம் கசப்பானது. கிரேக்கத்தில் சுதந்திரமும் அடிமைமுறையும் கைகோத்துக்கொண்டு வளர்ந்தன என்கிறார். சோலோன் செய்த சீர்திருத்தத்தால் ஏதென்ஸ் குடிமகனைக் கடனுக்காக அடிமையாக்க முடியாமல் போனது. ஏழைக் குடிமகனுக்கும் உரிமை வந்தது. அப்படியானால் பெரிய நிலக்காரனுக்கு யார் உழைப்பது? வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கினார்கள். ஜனநாயகம் எங்கே முழுமையாக இருந்ததோ, அங்கேதான் விலைக்கு வாங்கிய அடிமைகளும் நிறைய. உலக வரலாற்றிலேயே உண்மையான அடிமைச் சமூகங்கள் ஐந்துதான் என்றும் பின்னால் எழுதினார்: செவ்வியல் கிரேக்கம், ரோமானிய இத்தாலி, அமெரிக்கத் தென்மாநிலங்கள், கரீபியன் தீவுகள், பிரேசில்.

1972ல் ஒரு விசித்திரம் நடந்தது. அவரை வெளியேற்றிய ரட்கர்ஸ், இருபது வருடம் கழித்து விரிவுரை நிகழ்த்த அவரையே அழைத்தது. போனார். பேசியது ஜனநாயகம் பற்றி! அடுத்த வருடம் அந்த விரிவுரைகளைப் புத்தகமாகப் போட்டதும் அதே ரட்கர்ஸ் பதிப்பகம். அக்காலத்து அமெரிக்க அரசியல் அறிவியலில், மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டு அரசியலில் அக்கறையில்லாமல் ஒதுங்கி இருப்பதுதான் ஜனநாயகத்துக்கு நல்லது என்ற கருத்து ஓங்கியிருந்தது. ஃபின்லி ஏதென்ஸைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். ஐந்நூறு பேர் கொண்ட சபைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள், ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்குமேல் இருக்க முடியாது. அதாவது சாதாரண விவசாயியும் செருப்புத் தைப்பவனும் ஒருமுறையாவது அரசாங்கத்தை உள்ளே இருந்து பார்த்திருப்பார்கள். கி.மு. 415ல் சிசிலிமேல் படையெடுக்கக் கை தூக்கியவர்களில் பலர், தாங்களே கப்பலேறிப் போவதற்குத்தான் கை தூக்கினார்கள். அந்தப் படையெடுப்பு பெருநாசத்தில் முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெண்களும் அடிமைகளும் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதையும்தான்.

1973ல் 'பழங்காலப் பொருளாதாரம்' வந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் ஆற்றிய விரிவுரைகள். அதிகச் சண்டையைக் கிளப்பியதும் இதுதான். கிரேக்கர்களிடம் 'பொருளாதாரம்' என்ற கருத்தே இல்லை, ஓய்கொனோமியா என்ற அவர்கள் சொல்லுக்கு வீட்டு நிர்வாகம் என்றுதான் பொருள், மனைவியையும் பிள்ளையையும் அடிமையையும் நிலத்தையும் சேர்த்து ஆள்வது என்று தொடங்குகிறார். பணம் சேர்ந்தவன் அதைத் தொழிலில் போட்டுப் பெருக்க நினைக்கவில்லை. நிலம் வாங்கி, கௌரவம் வாங்கினான். ஒருவன் என்ன செய்வான் என்பதை அவனுடைய அந்தஸ்து தீர்மானித்தது, லாபக் கணக்கு தீர்மானிக்கவில்லை. மார்க்சிய அறிஞர் ஜெஃப்ரி டி சாந்த் குரோவா 1981ல் இதைக் கடுமையாகத் தாக்கினார்: வர்க்கம் என்ற சொல்லை விட்டுவிட்டு அந்தஸ்து என்று பேசினால் சுரண்டல் மறைந்துவிடும் என்று. இந்த அடி நியாயமானது என்றே படுகிறது.

மண்ணுக்கும் கடலுக்கும் அடியிலிருந்து வந்த சாட்சிகள் இன்னும் பெரிய அடி. மத்தியதரைக் கடலில் ஆயிரத்துக்கு மேல் மூழ்கிய பழங்கப்பல்கள் கணக்கெடுக்கப்பட்டன. கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் கிரேக்க, ரோமானிய காலத்துச் சுரங்கப் புகையின் ஈயம் படிந்திருப்பது 1994ல் தெரிந்தது. நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சாட்சி ஒன்றும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ், இப்போது வியன்னாவில் இருப்பது, 1985ல் பதிப்பிக்கப்பட்டது. முசிறிக்குப் போய்வரும் வியாபாரத்துக்கான கடன் பத்திரம் அது. சேர நாட்டு முசிறிதான், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலைச் சங்கப் பாட்டு காட்டுகிறதே, அந்த முசிறி. பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு இருக்கிறது: ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). தவணை தவறினால் ஈட்டை எடுத்துக்கொள்ளும் ஷரத்து, கால்பங்கு சுங்கம், எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறது. என் பழைய கிளையில் கொண்டுவந்து கொடுத்திருந்தால் இரண்டே திருத்தத்தோடு பாஸ் செய்திருப்பேன். லாபக் கணக்கே தெரியாத உலகம் இப்படி ஒரு பத்திரம் எழுதுமா? ஃபின்லி இருந்திருந்தால், ஒரு கப்பலைக் காட்டி ஒரு பொருளாதாரத்தை நிரூபிக்காதே என்று பாய்ந்திருப்பார். தனித்தனி உதாரணங்களைக் கோத்து வாதம் செய்வதை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் அவர்.

1986 ஜூனில் அவர் மனைவி மேரி இறந்தார். 1932ல் மணந்தவர், 54 வருடத் துணை. மறுநாளே, ஜூன் 23 அன்று, மூளையில் ரத்தக் கசிவால் ஃபின்லியும் கேம்பிரிட்ஜில் இறந்துபோனார். 74 வயது.

படிக்கத் தொடங்குகிறவர்கள் ஒடிசியஸ் புத்தகத்தில் ஆரம்பியுங்கள், ஒடிசியை ஒருமுறையாவது படித்துவிட்டு. அடுத்து 1959 அடிமைக் கட்டுரை, ஒரே மூச்சில் முடிந்துவிடும். அப்புறம் ஜனநாயக விரிவுரைகள். 'பழங்காலப் பொருளாதாரம்' நான்காவதாக வரட்டும், பக்கத்தில் எதிர்த்தரப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் எழுத்தின் வேகத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவீர்கள். ஈட்டுக் கற்கள் புத்தகம் கடைசி. உள்ளே கிரேக்கக் கல்வெட்டு நிறைய. வங்கியில் வேலை பார்த்தவர்கள் மட்டும் அதை முதலில் எடுக்கலாம்.